மூன்று நிமிட மைக்

செய்தி சேகரிக்கப் போன இடத்தில் நிருபர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. கேள்வி கேட்கலாம், அதுவும் கூட்டம் முடிந்த பிறகு. எங்கள் கம்யூனிட்டி காலேஜ் ஜர்னலிசம் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித் தந்த விதி இது. குறித்துக்கொண்டேன், தேர்விலும் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் அந்த விதி சரிதானா என்ற சந்தேகம் மட்டும் இன்று வரை தீரவில்லை. சாப்பிடும்போது இந்தப் பேச்சை எடுத்தால் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுகிறார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் அமெரிக்கா வந்தது எச்-4 விசாவில். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரே வரியில் சொன்னால், வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா, வேலைக்குப் போகத் தடை, படிக்கத் தடை இல்லை. 2015-இல் இருந்து எச்-4 காரர்களில் ஒரு பகுதிக்கு வேலை அனுமதி தருகிறார்கள். ஆனால் அதற்குக் கணவரின் கிரீன் கார்டு விவகாரம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எங்களுடையது தாண்டியிருக்கவில்லை. மதுரையில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவள், வீட்டுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு காலேஜ் இருக்கிறதே, என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்கப் போனேன். நுழைவுத் தேர்வு இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. பதினெட்டு வயது ஆனவர் யார் வேண்டுமானாலும் சேரலாம். கலிஃபோர்னியாவில் இப்படி 116 காலேஜ்கள் இருக்கின்றன. ஓராண்டு இங்கேயே குடியிருந்துவிட்டால், வகுப்பின் அளவைக் கணக்கிடும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான். 2012-இல் வைத்த விலை, அப்படியே நிற்கிறது. மூன்று யூனிட் வகுப்புக்கு 138 டாலர். இதையே அதிகம் என்று சொல்கிற பழைய ஆட்களும் உண்டு, ஏனென்றால் 1984 வரை இங்கே அந்தக் கட்டணமே இருந்ததில்லை.

பொங்கல் விழா ஒன்றில் தெரிந்த அண்ணா ஒருவர் கேட்டார். "டேட்டா சயின்ஸ் எடுத்திருக்கலாமேம்மா. ஜர்னலிசம் படிச்சு என்ன பண்ணப் போறே? பேப்பரே இருக்காது இன்னும் பத்து வருஷத்துல." பக்கத்தில் இருந்த அண்ணி எனக்குப் பரிந்துகொண்டு, "விடுங்க, அவளுக்கும் பொழுது போகணுமில்ல" என்றார். அண்ணாவின் எதிர்ப்பைவிட அண்ணியின் ஆதரவுதான் அதிகமாக வலித்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிளிப்போர்டு

முதல் செமஸ்டரில் இரண்டு வகுப்புகள். ஒன்று வெகுஜனத் தொடர்பியல் அறிமுகம். அதில் அச்சு யந்திரத்திலிருந்து அல்காரிதம் வரை ஒரு ஓட்டம், நடுவில் கொஞ்சம் சட்டம். அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பாடப் புத்தகத்தை வீட்டிலேயே படித்திருக்கலாம். இரண்டாவதுதான் செய்தி எழுதும் வகுப்பு. அதில் சேர்ந்தால் கூடவே காலேஜ் பத்திரிகையிலும் வேலை செய்ய வேண்டும். என்னோடு உட்கார்ந்தவர்கள் யார் யாரென்றால், ஹை ஸ்கூல் முடிக்காமலேயே இங்கே வகுப்பு எடுக்கும் ஒரு பெண், கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்து முதல் பத்து நிமிடம் தூங்கிவிடும் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா, ஸ்போர்ட்ஸ் மட்டும்தான் எழுதுவேன் என்று அடம்பிடிக்கிற இரண்டு பையன்கள். எடிட்டருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. என் கட்டுரையின் முதல் பத்தியை மொத்தமாக வெட்டிவிட்டு, "செய்தி உங்க ரெண்டாவது பத்தியிலதான் ஆரம்பிக்குது" என்றான். பொடியன் சொன்னது சரிதான் என்பது இன்னும் எரிச்சல்.

எங்கள் ஆசிரியர் பகுதிநேரக்காரர். இந்த மாநிலத்தில் பகுதிநேர ஆசிரியருக்கு ஒரு டிஸ்ட்ரிக்டில், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் காலேஜ்களில், முழுநேர வேலையில் 67 சதவீதத்துக்கு மேல் வகுப்பு தரக்கூடாது. அதனால் காலையில் ஒரு காலேஜ், மாலையில் இன்னொரு காலேஜ் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஃப்ரீவே ஃப்ளையர் என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். இவர் முன்பு ஒரு நாளிதழில் வேலை பார்த்தவர், ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். பத்திரிகைக்கு அட்வைசரும் அவரே. காரின் பின் சீட்டில்தான் அவருடைய ஆபீஸ்.

அவர் கொடுத்த முதல் வேலை காம்பஸ் போலீஸ் அலுவலகத்துக்குப் போய்க் குற்றப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருவது. 1986-இல் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் போராடி வாங்கிய சட்டம் 1990-இல் வந்தது. இன்று கிளெரி சட்டம் என்றுதான் அதற்குப் பெயர். அதன்படி, காம்பஸில் போலீஸோ செக்யூரிட்டியோ இருந்தால், அவர்கள் அன்றன்றைய குற்றங்களை இரண்டு வேலை நாளுக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கடந்த அறுபது நாள் பதிவை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். நான் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கிளிப்போர்டைக் கீழ்ச் சந்து வழியாகத் தள்ளினார். பார்க்கிங்கில் காரின் புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திருட்டு. நூலகத்தில் லேப்டாப் திருட்டு. ஜிம் லாக்கர். மறுபடி கேட்டலிடிக் கன்வெர்ட்டர். நான் ஐடி கார்டைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

அந்த நேரத்தில் இது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பிறகு யோசித்தால், இந்த நாட்டுக்கு வந்த பிறகு எந்த கவுண்டரிலும் என்னிடம் முதலில் கேட்பது என் விசா ஸ்டேட்டஸைத்தான். டிரைவிங் லைசென்ஸ் என்றாலும் வங்கி என்றாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். பதில் சொல்லிச் சொல்லி, காகிதம் எல்லாம் வைத்த ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர் இல்லாமல் வெளியே போகாத பழக்கம் வந்துவிட்டிருந்தது. அந்த ஃபோல்டர் தேவைப்படாத ஒரு கவுண்டர் இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை

அடுத்த செமஸ்டரில் எனக்கு டிரஸ்டி போர்டு பீட், அதாவது அந்த போர்டின் செய்திகளைத் தொடர்ந்து சேகரிக்கும் பொறுப்பு, கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பது மரியாதைக்கு. வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காலேஜ் டிஸ்ட்ரிக்டை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகள். மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை இழுக்கும் கூட்டம். ஸ்போர்ட்ஸ் பையன்கள் எனக்குக் கைதட்டினார்கள்.

போவதற்கு முன் அட்வைசர் பிரவுன் சட்டத்தைப் படிக்கச் சொன்னார். இதன் கதை எனக்குப் பிடித்தது. 1952-இல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நிருபர் மைக்கேல் ஹாரிஸ், உள்ளாட்சி அமைப்புகள் எப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கின்றன என்று ஒரு தொடர் எழுதினார். அது கிளப்பிய பேச்சில் ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்து, 1953-இல் சட்டமானது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை ஒட்ட வேண்டும். அஜெண்டாவில் இல்லாததை முடிவு செய்யக்கூடாது. பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். எங்கள் போர்டில் ஆளுக்கு மூன்று நிமிடம். இன்னொரு பிரிவு, பெரும்பாலும் யாரும் கவனிக்காதது: கூட்டத்துக்கு வருகிறவரிடம் பெயரைப் பதியச் சொல்லி நிபந்தனை போடக்கூடாது. வாசலில் வருகைத் தாள் வைத்தால், கையெழுத்து விருப்பம் இருந்தால் மட்டும் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வாசலில் அந்தத் தாள் இருந்தது. பேனாவைச் செல்லோடேப் போட்டு ஒட்டிய நூலில் கட்டியிருந்தார்கள். மேலே அந்த வரியும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், விருப்பப்பட்டு. இந்த டிரஸ்டிகளைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஓட்டு இல்லை. நீக்கவும் முடியாது. ஆனால் அவர்கள் எதிரில் போய் நின்று மூன்று நிமிடம் பேசலாம், பெயர்கூடச் சொல்லாமல். என்னிடம் ஃபோல்டர் கேட்காத இரண்டாவது இடம் அது.

ஊரில் இருந்தபோது ஆர்டிஐ மனு போட்டிருக்கிறேன், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி. தமிழ்நாடு 1997-இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் என்ற பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் 2005-இல் வந்த மத்தியச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. கலிஃபோர்னியாவில் 1968-இல் ரீகன் கவர்னராக இருந்து கையெழுத்திட்ட பொது ஆவணச் சட்டம் 'எந்த நபரும்' கேட்கலாம் என்கிறது. ஓட்டு இல்லாதவர் இந்த வித்தியாசத்தை உடனே கவனிப்பார். மற்றவர்களுக்கு இது சட்டப் புத்தகத்தில் ஒரு சொல், அவ்வளவுதான்.

மூட்டைக்குள் இருந்த வரி

இனி அந்தச் சாயங்காலம். போர்டு கூட்டங்களில் கன்சென்ட் அஜெண்டா என்று ஒன்று உண்டு. சச்சரவு வராது என்று நினைக்கிற விஷயங்களை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, விவாதமே இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிடுவார்கள். அப்படிச் செய்வதில் தப்பில்லை. பேப்பர் வாங்குவதையும் பயணப்படியையும் தனித்தனியாக விவாதித்தால் விடிந்துவிடும். ஆனால் ஒரு நிருபர் முதலில் படிக்க வேண்டியது அந்த மூட்டையைத்தான் என்று அட்வைசர் சொல்லியிருந்தார். பெரிய விஷயத்தை எல்லாரும் பார்ப்பார்கள், மூட்டையை யாரும் பிரிப்பதில்லை என்பது அவர் வாதம்.

பிரித்தேன். பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலைக்கு சேஞ்ச் ஆர்டர், அதாவது ஒப்பந்தத் தொகையை ஏற்றுவதற்கான அனுமதி. ஏற்றம் பல லட்சம் டாலர். காரணம் என்ற கட்டத்தில் 'எதிர்பாராத நிலைமைகள்' என்று இரண்டே சொல். போன கூட்டங்களின் குறிப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதே கட்டடம், அதே ஒப்பந்தக்காரர், அதே இரண்டு சொல். பணம் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்த பாண்டுப் பணம், அதாவது கடன் பத்திரம் விற்றுத் திரட்டியது. 2000-ஆம் ஆண்டு ப்ராப் 39 என்ற திட்டத்தை மாநில மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பிறகு இப்படிப்பட்ட பாண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டாம், 55 சதவீதம் போதும். அதற்குப் பதிலாக ஒரு மக்கள் மேற்பார்வைக் குழு கட்டாயம். சலுகை கொடுத்ததே கண்காணிப்பு இருக்கும் என்ற பேச்சில்தான்.

தலைவர் கேட்டார், கன்சென்ட் அஜெண்டா பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று. அறையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காலேஜ் அதிகாரிகள், பேச மாட்டார்கள். விருது வாங்க வந்த குடும்பங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு முன்பே போய்விட்டிருந்தன. மைக் எனக்கு நாலு அடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய், "மூன்று தடவையும் ஒரே காரணம் எழுதியிருக்கிறீர்களே, அது என்ன நிலைமை?" என்று கேட்டால் போதும். அரை நிமிடம்கூட ஆகாது. அஜெண்டாவில் இருக்கிற விஷயம் என்பதால் அங்கேயே பதில் சொல்லவும் சட்டத்தில் தடையில்லை. நான் எழவில்லை. நோட்டில் நேரத்தை எழுதினேன். யாரும் பேசவில்லை என்று எழுதினேன். ஓட்டெடுப்பு முடிந்தது, ஒருமனதாக. அதையும் எழுதினேன்.

இடைவேளையில் சம்பந்தப்பட்ட அதிகாரியைக் காரிடாரில் பிடித்தேன். "மெயில் போடுங்க" என்றார், மரியாதையாகத்தான். போட்டேன், பதில் வரவில்லை. பொது ஆவணச் சட்டத்தில் மனு கொடுத்தேன். பத்து நாளில் பதில் தர வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் பதினான்கு நாள் நீட்டிக்கலாம். நீட்டித்தார்கள். கடைசியில் காகிதம் வந்தது. கட்டடத்தின் பழைய தரைக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ், சுவருக்குள் துருப்பிடித்த குழாய்கள். அதை அகற்ற ஆகும் செலவுதான் அந்தத் தொகை. ஊழல் ஒன்றும் இல்லை. ஆனால் மாணவர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து படிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கப் போகிறார்கள் என்பதை அஜெண்டாவில் ஒரு வரியாகப் போட்டிருக்கலாம் அல்லவா? செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதற்குள் ஆஸ்பெஸ்டாஸை எடுத்து, குழாயை மாற்றி, புதுத் தரையும் போட்டுவிட்டார்கள்.

அட்வைசரிடம் சண்டைக்குப் போனேன். மைக்கில் கேட்டிருந்தால் ஓட்டெடுப்புக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கும் என்றேன். அவர், "மைக்கில் கேட்டிருந்தால் ஒரு வாய்ச்சொல் கிடைத்திருக்கும். இப்போது கையில் காகிதம் இருக்கிறது" என்றார். தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறைகளை எடுத்துக் காட்டினார். அதில் நாலு தலைப்புகளில் ஒன்று, சுதந்திரமாக இயங்கு என்பது. போர்டின் எதிரில் நின்று பேசுகிறவர் அன்றைய நிகழ்வில் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறார். தன்னைப் பற்றியே தான் எப்படிச் செய்தி எழுத முடியும்? அடுத்த மாதம் அதே டிரஸ்டியிடம் பேட்டி கேட்டால் அவர் என்ன நினைப்பார்? எல்லாம் சரி. நான் சொன்னேன், "ஓட்டு இருக்கிறவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. எனக்கு இருந்தது அந்த மைக் ஒன்றுதான். அதையும் வாசலில் வைத்துவிட்டு வா என்கிறீர்கள்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு பைலைன் இருக்கிறதே" என்றார். செய்தியின் தலையில் போடும் எழுதியவர் பெயர்தான் பைலைன்.

இருக்கிறதுதான். அம்மா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நம்ம பழைய வீட்டுக் கூரை ஷீட்டுதானே என்று சித்தப்பா கேட்டார். ஆமாம் சித்தப்பா.

காலி நாற்காலிகள்

எனக்கு இன்னும் தீராத இடம் இதுதான். அந்த விதியை எழுதியவர்கள் ஒரு நிறைந்த அறையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். நிருபர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேறு யாராவது எழுந்து கேட்பார், நிருபர் அதைக் குறித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நான் போகிற அறையில் அந்த வேறு யாராவது இல்லை. உள்ளூர் தினசரிக்கு முன்பு கல்விக்கென்று தனி நிருபர் இருந்தார் என்பார்கள், இப்போது இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் பள்ளி வருடா வருடம் கணக்கெடுக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் இருந்த செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடியாகிவிட்டது. பொங்கல் விழா அண்ணா சொன்னதில் தவறில்லை. ஆனால் பேப்பர் போய்விட்டால் போர்டு கூட்டமும் போய்விடுமா? அது மாதா மாதம் ஆறு மணிக்கு நடக்கத்தான் செய்கிறது.

அப்படிப்பட்ட கூட்டத்தில் பத்திரிகை என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது யாரென்றால், 138 டாலர் கட்டி வந்த மாணவி. ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்துச் செய்யவைத்த வேலையை இப்போது ஃபீஸ் கட்டிச் செய்கிறோம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மாணவர் பத்திரிகைகள் ஊருக்குத் துணையாக இருக்கின்றன என்று பாராட்டிக் கட்டுரைகள் வருகின்றன, வரட்டும். அதே சமயம் பத்து வருடத்துக்கும் மேலாக இங்கே ஒரு விதி இருக்கிறது, ஒரு வகுப்பில் தேறியவர் பொதுவாக மறுபடி அதே வகுப்பில் சேர முடியாது. அதனால் பத்திரிகை வகுப்பை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நிலைகளாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். நாலும் முடிந்தால் வெளியே. எந்த டிரஸ்டி எதைச் சொன்னார், போன வருடம் எந்த ஒப்பந்தம் எவ்வளவு என்று ஒருவருக்குப் பிடிபடும்போது அவருடைய நேரம் முடிந்துவிடும். அதிகாரிகள் அப்படியே இருப்பார்கள், கேள்வி கேட்பவர்தான் ஒவ்வொரு முறையும் புதுசு. வேண்டுமென்றே இப்படி யாரும் திட்டமிடவில்லை, தெரிகிறது. திட்டமிட்டிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

ஒரு வழி கண்டுபிடித்தோம். யோசனை எடிட்டர் பையனுடையது. கூட்டம் திங்கள் மாலை ஆறு மணிக்கு என்றால், 72 மணி நேரக் கணக்குப்படி வெள்ளி மாலை ஆறு மணிக்குள் அஜெண்டா வெளியே வந்தாக வேண்டும். கூடவே நானூறு, ஐநூறு பக்கத்துக்கு இணைப்புகள். வெள்ளி ராத்திரியே அதை இறக்கிப் படித்து, சனிக்கிழமை கேள்விகளை மெயிலில் அனுப்பி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறு இரவு முன்னோட்டச் செய்தி போட்டுவிடுவது. 'இந்தக் கேள்விக்கு அதிகாரிகள் பதில் சொல்லவில்லை' என்ற வரி ஓட்டெடுப்புக்கு முன்பே அச்சாகிவிடும். மைக்குக்குப் போக வேண்டியதில்லை, விதியும் உடையாது. அட்வைசர் படித்துப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நாங்கள் அந்தக் காலத்தில் செய்துகொண்டிருந்தோம்" என்றார். அப்படியென்றால் அதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே சார்.

அண்மையில் ஒரு முன்னோட்டம் போட்ட பிறகு, ஒரு டிரஸ்டி கன்சென்ட் அஜெண்டாவிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை வெளியே எடுத்துத் தனியாக விவாதிக்கச் சொன்னார். இருபது நிமிடம் பேசினார்கள். கடைசியில் நிறைவேற்றினார்கள் என்பது வேறு விஷயம். எங்கள் செய்தியைப் படித்துத்தான் கேட்டாரா என்று கூட்டம் முடிந்ததும் அவரையே கேட்டேன். "நான் நிறையப் படிப்பேன்" என்றார். டிரஸ்டியிடமிருந்து இதற்கு மேல் வாங்க முடியாது.

இருந்தாலும் மைக் விஷயத்தில் அட்வைசர் பக்கம் நான் முழுதாகப் போய்விடவில்லை. முன்னோட்டம் நடப்பது வெள்ளி ராத்திரி யாரோ ஒருவர் ஐநூறு பக்கம் படிப்பதால். படிக்க ஆள் இல்லாத மாதத்தில் அறைக்குள் ஒரே ஒரு நிருபர் உட்கார்ந்திருந்து, அவருக்கு மட்டும் ஒரு விஷயம் கண்ணில் பட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? அட்வைசரின் பதில், எழுத வேண்டும். என் பதில், கேட்டுவிட்டு எழுத வேண்டும், தான் கேட்டதையும் சேர்த்து. அடுத்த செமஸ்டர் ஊடகச் சட்டமும் நெறிமுறையும் என்ற வகுப்பை அவரே நடத்துகிறார், நான் சேர்ந்திருக்கிறேன், அங்கே தொடரும்.

பத்திரிகையில் என் நாலாவது நிலை இத்தோடு முடிகிறது. போர்டு பீட்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன், ஓடிவிட்டார்கள். பே ஏரியாவில் எச்-4-இல் இருக்கும் தோழிகள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் இருக்கிற காலேஜை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். மூன்று யூனிட், வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் ஃப்ரீயாக இருக்க வேண்டும். ஃபோல்டர் எடுத்துப்போக வேண்டாம் என்று சொல்ல வந்தேன், அட்மிஷன் ஆபீஸில் மட்டும் கேட்பார்கள், அதற்கு எடுத்துப் போங்கள்.